ஸ்டாண்ட்பை சுவிட்ச் எதைக் காப்பாற்றுகிறது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வால்வு அம்பிளிபயரின் பவர் சப்ளை பற்றி ஒரு பந்தி எழுதப்போக, வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்டாண்ட்பை பற்றியே கேட்டிருக்கின்றன. வால்வின் ஹீட்டரை எரியவிட்டுக்கொண்டு, வால்வுக்குப் போகிற உயர் வோல்டேஜை மட்டும் நிறுத்தி வைப்பதுதான் ஸ்டாண்ட்பை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு, இந்த முறை அதை மட்டும் கதைப்போம்.

கொக்குவில் வாசகர்: ஐயா, இஎல் 34 அவுட்புட் வால்வு இரண்டு போட்டு புஷ்-புல் அம்ப் ஒன்று கட்டியிருக்கிறேன். ட்ரான்ஸ்போமர் 300-0-300, பழைய சாமான், பிரைமரியில் 220 என்று எழுதியிருக்கு. ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயருக்கு 1என்4007 டயோட், அடுத்து 47 மைக்ரோஃபாரட் 450 வோல்ட் கப்பாசிட்டர். சுவிட்ச் போட்டவுடன் மீட்டர் 440ஐத் தாண்டுது, வால்வு சூடான பிறகு 385க்கு இறங்குது. கப்பாசிட்டர் வெடிச்சிடுமோ என்று பயமாக இருக்கு. ஸ்டாண்ட்பை சுவிட்ச் ஒன்று போடு என்கிறார்கள், சிலர் டிரான்சிஸ்டரால் செய் என்கிறார்கள். எப்படி டிசைன் பண்ணுவது?

பதில்: தம்பி, உங்கள் பயம் நியாயமானது, ஆனால் நீங்கள் கேட்கிற மருந்து அந்த நோய்க்கு இல்லை. கணக்கைப் பாருங்கோ. 300 வோல்ட் ஏசியின் உச்சி 424. ட்ரான்ஸ்போமர் 220க்குச் சுற்றினது, எங்கள் லைன் 230, ஆகவே அது 443 ஆகிறது. ராத்திரி லோட் குறைந்து லைன் 240க்கு ஏறினால் 462. உங்கள் கப்பாசிட்டரில் 450 என்றுதான் எழுதியிருக்கிறது. ஸ்டாண்ட்பையை அந்த முதல் கப்பாசிட்டருக்குப் பின்னால் போட்டால், ஸ்டாண்ட்பையில் இருக்கும் நேரம் முழுக்க லோட் இல்லாமல் அந்தக் கப்பாசிட்டர்தான் 462ஐச் சுமக்கும். அதாவது இப்போது அரை நிமிஷம் படுகிற கஷ்டத்தை இனி அரை மணித்தியாலம் படும். முன்னால் போட்டால், வால்வு எல்லாம் சூடாகி இழுக்கத் தயாராக நிற்கிற நேரத்தில் வெறும் கப்பாசிட்டருக்கு ஒரே அடியாகக் கரண்ட் பாயும். சுவிட்ச் கொன்டாக்ட் கருகும், டயோடும் அடி வாங்கும். 250 வோல்ட் ஏசிக்குச் செய்த சாதாரண டொகிள் சுவிட்ச் 400 வோல்ட் டிசியை வெட்டும்போது உள்ளே பொறி அணையாமல் இழுபடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கோ.

அதனால் முதல் வேலை, அந்த 47ஐக் கழற்றிவிட்டு 100 மைக்ரோஃபாரட் 350 வோல்ட் இரண்டைத் தொடராகப் போடுங்கோ. 50 மைக்ரோஃபாரட், 700 வோல்ட் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் குறுக்கே 220 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டர். இது இல்லாவிட்டால் இரண்டும் வோல்டேஜைச் சமமாகப் பங்கிடாது, கசிவு குறைந்தது அதிகமாகச் சுமந்து முதலில் போகும். இதே ரெசிஸ்டர்கள் அணைத்த பிறகு கப்பாசிட்டரை வடிய வைக்கிற வேலையையும் பார்க்கும், ஆனால் மெதுவாகத்தான், இரண்டு மூன்று நிமிஷம் பொறுத்து, மீட்டரில் பார்த்துவிட்டே கை வையுங்கோ. இன்னொன்று, சென்டர் டப் (சுற்றின் நடுவில் எடுத்த கால்) போட்ட ரெக்டிஃபயரில் ஒவ்வொரு டயோடும் தலைகீழாகத் தாங்க வேண்டியது உச்சியின் இரண்டு மடங்கு. 462ஐ இரண்டால் பெருக்கினால் 924. 1என்4007இன் எல்லை 1000. பக்கத்துக்கு இரண்டு டயோட் தொடராகப் போட்டுவிடுங்கோ, பத்து இருபது ரூபாய்ச் சாமானுக்குக் கஞ்சத்தனம் வேண்டாம்.

சரி, இனி ஸ்டாண்ட்பை. எனக்குக் கேட்டால், ஒரேயடியாகப் போட்டு நிறுத்துகிற சுவிட்சை விட, வோல்டேஜை மெல்ல மெல்ல ஏற்றுகிற ஒரு மொஸ்ஃபெட்தான் வேண்டும். அது டிரான்சிஸ்டரில் ஒரு வகை, கேட், ட்ரெயின், சோர்ஸ் என்று மூன்று கால், கேட்டின் வோல்டேஜ்தான் மற்ற இரண்டுக்கும் இடையில் ஓடுகிற கரண்டைக் கட்டுப்படுத்தும். ஸ்டாண்ட்பை அதோடு இலவசமாகவே வந்துவிடும். ஸ்பீக்கரில் கேட்கிற ஹம் இரைச்சல் குறையும் என்பது மேலதிக லாபம், அதை வடிகட்டுகிற சோக் என்ற கம்பிச்சுருள் வாங்கவும் தேவையில்லை.

வயரிங் இப்படி. முதல் கப்பாசிட்டரின் பிளஸ் மொஸ்ஃபெட்டின் ட்ரெயினுக்குப் போகும். சோர்ஸில் இருந்து அம்புக்கு எச்.டி., அதாவது அந்த உயர் வோல்டேஜ், போகும், அங்கே ஒரு 22 மைக்ரோஃபாரட் 450 வோல்ட். ட்ரெயினில் இருந்து 470 கிலோ ஓம் இரண்டைத் தொடராகப் போட்டு ஒரு புள்ளிக்குக் கொண்டு வாருங்கோ. அந்தப் புள்ளியில் இருந்து கிரவுண்டுக்கு 5 மைக்ரோஃபாரட், அதோடு 10 மெகா ஓம் இரண்டு தொடராக. அதே புள்ளியில் இருந்து 1 கிலோ ஓம் வழியாக மொஸ்ஃபெட்டின் கேட். இந்த 1 கிலோ ஓமைக் கேட் காலுக்கு ஒட்டியே பற்ற வையுங்கோ, தூரத்தில் வைத்தால் மொஸ்ஃபெட் தானே ஒரு டிரான்ஸ்மிட்டராக மாறி ஆடத் தொடங்கும். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையில், 15 வோல்டுக்கு மேல் ஏறவிடாத ஒரு ஸீனர் டயோட், கோடு போட்ட பக்கம் கேட்டுக்கு. இதை மறந்தால் முதல் தடவையே மொஸ்ஃபெட் போய்விடும், ஏனென்றால் கேட் தாங்குவது 20 வோல்ட் அளவுதான், சுற்றிலும் 400 வோல்ட் நிற்கிறது.

ரெசிஸ்டர்களை ஏன் இரண்டிரண்டாகப் போடச் சொல்கிறேன் என்று சிலர் கேட்பார்கள். வாட் கணக்குக்காக இல்லை. கால் வாட் ரெசிஸ்டர் ஒன்று பொதுவாகத் தாங்குவது 250 வோல்ட். 400 வோல்டை ஒன்றின் மேல் ஏற்றினால் ஆறு மாதம் ஒழுங்காக ஓடிவிட்டு ஒருநாள் திறந்துகொள்ளும்.

இப்போது நடப்பதைப் பாருங்கோ. மேலே 940 கிலோ ஓம், கீழே 5 மைக்ரோஃபாரட். கேட் புள்ளி ஏறுவதற்கு நேர மாறிலி நாலரை செக்கன். அதைப்போல மூன்று மடங்கு, பதின்மூன்று பதினான்கு செக்கனில் ஏறக்குறைய முழு வோல்டேஜும் வந்துவிடும். சோர்ஸ் கேட்டைத் தொடர்ந்தே ஏறும், நாலைந்து வோல்ட் கீழே நின்றபடி. அம்பில் உள்ள மிச்சக் கப்பாசிட்டர்கள் எல்லாம் சேர்த்து 100 மைக்ரோஃபாரட் என்று வைத்தாலும், அவற்றை நிரப்பப் போகிற கரண்ட் 10 மில்லி அம்பியரைத் தாண்டாது. சும்மா சுவிட்ச் போட்டால் பாய்கிற அம்பியர் கணக்கோடு ஒப்பிடுங்கோ.

கீழே உள்ள 20 மெகா ஓம் வீணாக நிற்கவில்லை. அது கேட் புள்ளியை ட்ரெயினுக்குக் கீழே 17 வோல்ட் இறக்கி வைக்கிறது. உங்கள் அம்ப் 120 மில்லி அம்பியர் இழுத்தால் 50 மைக்ரோஃபாரட்டின் மேல் கிட்டத்தட்ட 17, 18 வோல்ட் அலை ஆடும். அலையின் பள்ளம் சோர்ஸுக்குக் கீழே போனால் மொஸ்ஃபெட் அந்த இடத்தில் வடிகட்டாது, ஹம் நேரே உள்ளே வந்துவிடும். 17 வோல்டைக் கொடுத்து அமைதியை வாங்குகிறோம். சோர்ஸில் 364 அளவில் வரும், இஎல் 34க்கு அது தாராளம். மொஸ்ஃபெட்டில் 21 வோல்ட், 120 மில்லி அம்பியர், இரண்டரை வாட். ஏறும் நேரத்தில் நடுவழியில் பத்துப் பன்னிரண்டு வாட்டுக்கு உயர்ந்து சில செக்கனில் இறங்கும்.

ஸ்டாண்ட்பை எங்கே என்றால், கேட் புள்ளியில் இருந்து 100 கிலோ ஓம் வழியாகக் கிரவுண்டுக்கு ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். மூடினால் கேட் 42 வோல்டுக்கு விழும், சோர்ஸ் 40ஐ ஒட்டி நிற்கும். திறந்தால் மெல்ல ஏறும். சுவிட்சில் ஓடுவது அரை மில்லி அம்பியருக்கும் குறைவு, ஆகவே பொறியே இல்லை. திறந்த நிலையில் அதன் மேல் கிட்டத்தட்ட 400 வோல்ட் நிற்கும் என்பதால் பிளாஸ்டிக் பொம்மைச் சுவிட்ச் போடக்கூடாது. ஏன் சைபருக்கு விழுத்தவில்லை, ஏன் 40இல் நிறுத்துகிறோம் என்பதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், பாட்டு ஓடும்போது இருப்பதைவிட ஸ்டாண்ட்பையில்தான் மொஸ்ஃபெட் அதிகம் சூடாகும். 40 வோல்டிலும் இரண்டு இஎல் 34ம் சேர்ந்து 10 மில்லி அம்பியர் போல இழுக்கும், மிச்ச 400 வோல்டும் மொஸ்ஃபெட்டின் தலையில். நாலு வாட். ஹீட்சிங்க்கை அந்தக் கணக்குக்குப் போடுங்கோ. மைக்கா ஷீட், பிளாஸ்டிக் புஷ் போட மறக்கவேண்டாம், மொஸ்ஃபெட்டின் முதுகுத் தகடு ட்ரெயினோடு ஒட்டியிருக்கிறது, அதாவது முழு எச்.டி.

இன்னும் ஒரு டயோட் பாக்கி. கேட் புள்ளியில் இருந்து ட்ரெயினுக்கு ஒரு 1என்4007, கோடு ட்ரெயின் பக்கம். கரண்ட் போய் உடனே வந்தால், அந்த இடைவெளியில் கேட் கப்பாசிட்டர் இதன் வழியே வடிந்துவிடும், திரும்ப வரும்போது மறுபடி மெல்ல ஏறும். இது இல்லாவிட்டால் கேட் மேலேயே நிற்கும், வந்த கரண்ட் நேரே பாயும். எங்கள் ஊரில் கரண்ட் எப்படிக் கண் சிமிட்டும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்.

மொஸ்ஃபெட் தெரிவு: ஐஆர்எஃப் 840 எல்லாக் கடையிலும் கிடைக்கும், ஆனால் அது 500 வோல்ட், உங்கள் 462க்கு மிக நெருக்கம். 600 வோல்ட் ஐஆர்எஃப்பிசி 40, அல்லது 800 வோல்ட் ஐஆர்எஃப்பிஇ 30 பாருங்கோ. புதிதாக வருகிற, உள்தடை மிகக் குறைந்த மொஸ்ஃபெட்கள் இந்த வேலைக்கு உகந்தவை இல்லை. அவை ஒன்றில் முழுக்கத் திற, இல்லையேல் முழுக்க மூடு என்ற வேலைக்குச் செய்தவை, பாதி திறந்த நிலையில் சூட்டைத் தாங்குவதில் பழைய ஆட்கள் கெட்டி.

ஃபியூஸை 400 வோல்ட் டிசி லைனில் வைக்காமல் ட்ரான்ஸ்போமரின் சென்டர் டப்புக்கும் கிரவுண்டுக்கும் இடையில் வையுங்கோ, 315 மில்லி அம்பியர், மெதுவாக எரிகிற வகை. சின்னக் கண்ணாடி ஃபியூஸ் டிசியை வெட்டத் தடுமாறும்.

சாவகச்சேரி வாசகர்: ஸ்டாண்ட்பை இல்லாமல் எச்.டி.யை உடனே கொடுத்தால், எலக்ட்ரோன்களை விடுகிற கதோட்டின் பூச்சு உரிந்து வால்வு செத்துவிடும் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். அதனால் நான் காலையிலேயே ஹீட்டரைப் போட்டு, பின்னேரம் பாட்டுக் கேட்கும் வரை ஸ்டாண்ட்பையில் விட்டுவிடுகிறேன். சரியா?

பதில்: முதற்பாதி மிகைப்படுத்தல், இரண்டாம் பாதி கெடுதல்.

உங்கள் அப்பப்பா வீட்டு வால்வு றேடியோவை நினைத்துப் பாருங்கோ. சுவிட்ச் ஒன்றுதான், அதுவும் வொலியூமோடு சேர்ந்தது. ஸ்டாண்ட்பை என்று ஒன்று அதில் இருந்ததா? இருபது முப்பது வருஷம் அதே வால்வோடு இலங்கை வானொலி கேட்ட வீடுகள் எத்தனை. கதோட் பூச்சு உரிவது பல ஆயிரம் வோல்டில் ஓடுகிற பெரிய டிரான்ஸ்மிட்டர் வால்வுகளின் பிரச்சினை. எங்கள் அம்ப் வால்வில், கதோட் சூடாகும்போது அதைச் சுற்றி எலக்ட்ரோன்கள் மேகம் போலத் திரண்டு நிற்கும், எலக்ட்ரோன்களை வாங்கிக்கொள்கிற பிளேட்டின் இழுவை அந்த மேகத்தோடு நின்றுவிடும், பூச்சு வரைக்கும் வந்து உரிக்கிற அளவுக்கு அங்கே வேகம் இல்லை. 1950களின் ஃபெண்டர் பாஸ்மேன் போன்ற கிட்டார் அம்ப்களில் ஸ்டாண்ட்பை சுவிட்ச் இருந்தது, அதைப் பார்த்து மற்றவர்களும் போட, காரணம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்பதே என் அபிப்பிராயம்.

ஹீட்டர் மட்டும் எரிந்து, கரண்ட் ஓடாமல் நாள் கணக்கில் வைப்பதுதான் உண்மையான கெடுதல். கதோட் என்பது நிக்கல் குழாய், மேலே பேரியம் சேர்ந்த ஒக்சைட் பூச்சு. நிக்கலுக்குள் இருக்கிற கொஞ்சச் சிலிக்கன் அந்தப் பூச்சோடு சேர்ந்து இரண்டுக்கும் இடையில் கரண்டை மறிக்கிற ஒரு படையை உண்டாக்கும். கரண்ட் ஓடினால் இது மெதுவாக வளரும், ஓடாமல் சூடு மட்டும் இருந்தால் வேகமாக வளரும். இதைக் கண்டு திண்டாடியவர்கள் பாட்டுக்காரர்கள் இல்லை, முதல் கம்பியூட்டர் கட்டியவர்கள். கம்பியூட்டரில் ஒரு வால்வு மணிக்கணக்கில் மூடிய நிலையிலேயே நிற்கும், திறக்கச் சொல்லும்போது பார்த்தால் சோர்ந்துபோய் இருக்கும். அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் வேர்ல்விண்ட் கம்பியூட்டரைக் கட்டியபோது சிலிக்கன் நீக்கிய நிக்கலில் கதோட் செய்வித்து 7ஏகே7 என்ற வால்வைப் போட்டது இதற்காகத்தான்.

அதே காலத்து எனியாக் கம்பியூட்டரில் 17,468 வால்வு. அதை அணைக்காமலே வைத்திருந்தார்கள், ஏனென்றால் சூடாகும்போதும் குளிரும்போதும்தான் ஹீட்டர் கம்பிகள் அதிகம் அறுந்தன. இதைப் படித்துவிட்டுத்தான் சிலர் வீட்டு அம்பையும் அணைக்கக்கூடாது என்கிறார்கள். பதினேழாயிரம் வால்வில் ஒன்று போனாலும் கணக்குப் பிழைக்கிற இடத்து நியாயம் அது. உங்கள் வீட்டு அம்பில் இருப்பது ஒரு சில வால்வு.

ஆகவே கொக்குவில் தம்பிக்கு 40 வோல்ட் விடச் சொன்னது இதற்காக. கொஞ்சக் கரண்ட் கதோட்டில் ஓடிக்கொண்டிருக்கட்டும். அதுவும் தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிற நேரத்துக்கு. காலையில் இருந்து பின்னேரம் வரை என்றால் அணைத்துவிடுங்கோ. நாலு இஎல் 34இன் ஹீட்டருக்கே 38 வாட், பில் வரும்போதும் தெரியும்.

மானிப்பாய் வாசகர்: மொஸ்ஃபெட்டுக்குப் பதிலாகச் சாதாரண டிரான்சிஸ்டர் போடலாமா? பழைய ரீவி போர்டுகளில் கழற்றிய பியூ 508 நிறைய என்னிடம் கிடக்கு.

பதில்: போடலாம், ஆனால் அதே வயரிங்கில் போட்டால் ஒன்றும் வராது. பியூ 508ஏ 700 வோல்ட் தாங்கும் நல்ல சாமான்தான், ரீவியில் லைன் அவுட்புட்டை இழுப்பதற்குச் செய்தது, ஆனால் கெயின், அதாவது கரண்டைப் பெருக்குகிற அளவு, மிகக் குறைவு. 120 மில்லி அம்பியர் கொடுக்க பேஸுக்கு எட்டுப் பத்து மில்லி அம்பியர் வேண்டும். 940 கிலோ ஓம் வழியே அரை மில்லி அம்பியர் கூட வராது. அதனால் முன்னால் ஒரு 13003 டிரான்சிஸ்டரைப் போட்டு, அதன் எமிட்டர் இதன் பேஸுக்குக் கரண்ட் கொடுக்கிற டார்லிங்டனாகக் கட்ட வேண்டும். அப்போதும் பேஸுக்கு 0.4 மில்லி அம்பியர் போலத் தேவை, ஆகவே மேலே 47 கிலோ ஓம், கீழே 100 மைக்ரோஃபாரட் 450 வோல்ட். அதில் விழுகிற 19 வோல்டே அலைக்கான இடத்தையும் கொடுத்துவிடும், 20 மெகா ஓம் தேவையில்லை. ஸ்டாண்ட்பைக்கு 100 கிலோ ஓமுக்குப் பதில் 4.7 கிலோ ஓம், ஆனால் அங்கே இப்போது 8 மில்லி அம்பியர் ஓடும், 47 கிலோ ஓம் மூன்றரை வாட் எரிக்கும், 5 வாட் சிமெந்து ரெசிஸ்டர் போடவேண்டி வரும். இந்த அலைச்சல் பிடிக்காமல்தான் நான் மொஸ்ஃபெட் என்கிறேன்.

இரண்டு எச்சரிக்கை. பியூ 508டி என்று கடைசியில் டி இருந்தால் எடுக்காதீர்கள், அதற்குள் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையில் ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கிறது, 13003 கொடுக்கிற கரண்டில் பெரும்பகுதியை அதுவே குடித்துவிடும். மற்றது, சாதாரண டிரான்சிஸ்டர் உயர்ந்த வோல்டேஜில் வாட் கணக்குச் சொல்கிற அளவுக்குத் தாங்காது. சிலிக்கனின் ஒரு மூலையில் மட்டும் சூடு குவிந்து அந்த இடம் உருகிவிடும். 300 வோல்ட் நிற்கும்போது கொஞ்சக் கரண்டுக்கே போய்விடலாம். மெல்ல ஏற்றுவதால் தப்பிக்கலாம், அவுட்புட் ஷோர்ட் ஆனால் தப்பாது.

நெல்லியடி வாசகர்: எங்கள் கோயில்களுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டிய காலத்து வால்வு அம்ப் ஒன்றைத் திருத்தி வைத்திருக்கிறேன். ரெக்டிஃபயரும் வால்வுதான், ஜிஸெட் 34. பூசை நேரங்களில் சத்தத்தை நிறுத்தி வைக்க ஸ்டாண்ட்பை சுவிட்ச் போட விருப்பம்.

பதில்: வேண்டாம் அண்ணை. ஜிஸெட் 34 இருக்கிற அம்பில் ஸ்டாண்ட்பை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அதன் கதோட் ஹீட்டரால் மறைமுகமாகச் சூடாகிற வகை, ஆகவே மற்ற வால்வுகள் சூடாகி வருகிற நேரத்தில்தான் அதுவும் மெல்லக் கரண்ட் விடத் தொடங்கும். டிரான்சிஸ்டரை வைத்துச் செய்கிற இவ்வளவு வேலையையும் அந்த ஒரு வால்வு தானாகச் செய்கிறது. அதற்குப் பின்னால் சுவிட்ச் வைத்து, வடிந்துபோன கப்பாசிட்டர் மேல் சூடான ரெக்டிஃபயரைத் திடீரென்று திறந்தால் உள்ளே பளிச்சென்று ஒரு மின்னல் அடிக்கும், சில தடவையில் ரெக்டிஃபயர் முடிந்தது. அதற்குப் பிறகு வருகிற முதல் கப்பாசிட்டர் 60 மைக்ரோஃபாரட்டைத் தாண்டக்கூடாது என்று தயாரித்தவர்களே எல்லை போட்டிருக்கிறார்கள். திருத்தும்போது 'பெரிசாப் போட்டால் நல்லது' என்று 220 போட்டிருந்தால் இன்றைக்கே கழற்றுங்கோ.

5யு4 போட்ட அம்ப் என்றால் கதை வேறு. அது நேரடியாகச் சூடாகிற கம்பி, சில செக்கனில் எச்.டி.யை முழுக்க விட்டுவிடும், மற்ற வால்வுகள் அப்போது குளிர்ந்து கிடக்கும். அங்கே மெல்ல ஏற்றுகிற மொஸ்ஃபெட்டுக்கு வேலை உண்டு.

உங்களுக்குத் தேவை சத்தம் நிற்பது மட்டும்தானே. வொலியூம் கொன்ட்ரோலின் நடுக் காலில் இருந்து கிரவுண்டுக்கு ஒரு சின்னச் சுவிட்ச் போடுங்கோ. அம்ப் சூடாகவே இருக்கும், ஐயர் மணியடித்தவுடன் திறக்கலாம், டொக் என்று ஹோர்ன் அலறாது. பூசை நடுவில் ஹோர்ன் வயரைக் கழற்றி வைக்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது, அதை மட்டும் செய்யாதீர்கள். லோட் இல்லாமல் பாட்டு ஓடினால் அவுட்புட் ட்ரான்ஸ்போமரில் ஏறுகிற வோல்டேஜ் அதன் இன்சுலேஷனைத் துளைத்துவிடும். அந்த ட்ரான்ஸ்போமரை இப்போது எங்கே போய்ச் சுற்றுவிப்பது.

காரைநகர் வாசகர்: என் அம்ப் ஃபிக்ஸட் பயஸ், அதாவது அவுட்புட் வால்வின் கரண்டை அடக்கி வைக்க அதன் கிரிட்டுக்குத் தனியாக ஒரு மைனஸ் சப்ளை, மைனஸ் 40 வோல்ட். அந்த மைனஸ் சப்ளை ஒருநாள் நின்றுபோய் அவுட்புட் வால்வு இரண்டும் சிவந்துவிட்டன. மொஸ்ஃபெட் ஸ்டாண்ட்பை வைத்து இதையும் தடுக்கலாமா?

பதில்: இதுதான் ஸ்டாண்ட்பைக்கு நான் காண்கிற மிக நல்ல பயன், ஆனால் இதைக் கேட்பவர்கள் குறைவு. மேலே சொன்ன ஸ்டாண்ட்பை சுவிட்ச் இருக்கிறதல்லவா, அதன் இரண்டு காலுக்கும் குறுக்கே ஒரு 13003 டிரான்சிஸ்டரைப் போடுங்கோ, கொலெக்டர் 100 கிலோ ஓம் பக்கம், எமிட்டர் கிரவுண்ட். பேஸுக்கு இரண்டு வழி. மொஸ்ஃபெட்டின் ட்ரெயினில் இருந்து 1 மெகா ஓம் இரண்டு தொடராக ஒன்று, மைனஸ் சப்ளையில் இருந்து 120 கிலோ ஓம் மற்றது. ட்ரெயினில் இருந்து 0.2 மில்லி அம்பியர் வந்து டிரான்சிஸ்டரைத் திறக்கப் பார்க்கும், மைனஸ் அதை இழுத்து மூடும். மைனஸ் 23, 25 வோல்டுக்குக் குறைந்தால் இழுவை தோற்கும், டிரான்சிஸ்டர் திறக்கும், கேட் விழும், அம்ப் தானே ஸ்டாண்ட்பைக்குப் போகும். சோர்ஸ் பக்கக் கப்பாசிட்டர் வடிய ஒரு செக்கன் போலப் பிடிக்கலாம், அதற்குள் பிளேட் சிவக்காது. மைனஸ் திரும்பி வந்தால் அதுவும் தானே மெல்ல ஏறும்.

பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையில் ஒரு 1என்4148 டயோட் கட்டாயம், கோடு பேஸ் பக்கம். இல்லாவிட்டால் நல்லபடி ஓடும் நேரத்தில் பேஸ் மைனஸ் 16 வரை போகும், 13003இன் பேஸ் தலைகீழாகத் தாங்குவது 9 வோல்ட்தான்.

13003ஐக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். எரிந்துபோன சிஎஃப்எல் பல்பைத் திறந்தால் உள்ளே இரண்டு இருக்கும், பெரிய வாட் பல்பாகப் பாருங்கோ, சின்னதில் 13001 போட்டிருப்பார்கள். கண்ணாடிக் குழாயை உடைக்காமல் திறக்க வேண்டும், உள்ளே பாதரசம் இருக்கிறது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட ஊர் இது, ஒரு பல்பில் டிரான்சிஸ்டர் எடுப்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கால் வரிசை மட்டும் கம்பனிக்குக் கம்பனி மாறும், மீட்டரில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கோ. இந்தத் தடுப்பு வேலை செய்கிறதா என்று பார்க்க, வால்வுகளைக் கழற்றிவிட்டு, சோர்ஸுக்கும் கிரவுண்டுக்கும் ஒரு 22 கிலோ ஓம் 10 வாட் ரெசிஸ்டரைப் பிடித்து, மைனஸ் வயரைக் கழற்றினால் மீட்டரில் வோல்டேஜ் விழ வேண்டும். வால்வோடு சோதித்துப் பார்க்காதீர்கள்.

சுன்னாகம் வாசகர்: கேட் கப்பாசிட்டராக 4.7 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் போட்டேன். 360 வரவேண்டிய இடத்தில் 330தான் வருது. ஏன்?

பதில்: கசிவு. எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர் எப்போதும் சில பத்து மைக்ரோ அம்பியர் கசியும், அது இயல்பு, பழுது இல்லை. 940 கிலோ ஓம் வழியே 30 மைக்ரோ அம்பியர் கசிந்தாலே 28 வோல்ட் போச்சு. சூடு ஏற ஏற இன்னும் கூடும், அம்புக்குள்ளே சூட்டுக்கு என்ன குறை.

பான் கடைக்குப் பக்கத்து ஹார்ட்வெயாரிலேயே மருந்து இருக்கிறது. சீலிங் ஃபான் கப்பாசிட்டர், 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் ஏசி என்று எழுதியது, இரண்டை வாங்கிச் சமாந்தரமாகப் போடுங்கோ. பொலிப்ரோப்பிலீன் ஃபில்ம், கசிவு இல்லை என்றே சொல்லலாம், 440 ஏசி என்றால் உச்சி 622, உங்கள் வோல்டேஜுக்குத் தாராளம். பெரிசாக இருக்கும், சசியின் அடிப்பக்கத்தில் கேபிள் டையால் கட்டிவிடலாம். கசியாது என்பதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. மேலே சொன்ன டயோடும் 20 மெகா ஓமும் போடாமல் விட்டால் அணைத்த பிறகும் அது வெகுநேரம் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும், கை பட்டால் நன்றாகவே உதறும்.